கொரிய விசிறி: மடக்கா, வட்டமா?

தென்கொரியாவில் விசிறிக்குப் பேர்போன ஊர் ஜொன்ஜு. சோசன் அரசர்கள் காலத்தில் அரண்மனைக்கு விசிறி செய்து அனுப்பவென்றே அங்கே தனி அலுவலகம் இருந்தது. சந்திர நாட்காட்டிப்படி ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் தானோ பண்டிகைக்கு அரசர் அமைச்சர்களுக்கு விசிறி கொடுப்பார். அப்புறம் வெயில்தானே.

சரி, வாங்கினால் எதை வாங்கலாம்?

காற்று மட்டும் போதும் என்றால் வட்ட விசிறியே போதும். தான்சொன் என்பார்கள். மெல்லிய மூங்கில் சிம்புகளை விரித்து அடுக்கி, இருபுறமும் ஹான்ஜி என்ற கொரிய மரபுக் காகிதம் ஒட்டி, கைப்பிடி வைத்தால் விசிறி தயார். சிவப்பு, நீலம், மஞ்சள் சுழி போட்ட தேகுக்சொன்னும் இந்த வகைதான். வீட்டில் புழங்க ஏற்றது, பையில் அடங்காது.

மடக்கு விசிறியான ஹப்ஜுக்சொன்னில்தான் மூங்கில் வேலை இருக்கிறது. பெயருக்கே 'ஒட்டு மூங்கில் விசிறி' என்று பொருள். சாதாரண மடக்கு விசிறியில் ஒற்றை மூங்கில் பத்தைதான் இருக்கும். இதில் மூங்கிலை வேகவைத்து, உள்சதையைச் சீவி எறிந்துவிட்டு மேல்தோலை மட்டும் எடுக்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும், அவ்வளவு மெல்லிசு. அப்படி இரண்டு தோலை உட்புறங்கள் சேர ஒட்டினால் ஒரு பத்தை. எந்தப் பக்கம் திருப்பினாலும் பளபளப்பு. பசை காய்ச்சுவது கத்தாழை இனத்து மீனின் நெட்டியிலிருந்து, அதாவது அதன் காற்றுப்பையிலிருந்து. அரச குடும்பத்து விசிறிக்கு இப்படி 50 பத்தைகள்!

முன்பு ஒட்ட, மெருகேற்ற, சூட்டுக்கோலால் வௌவால் உரு பொறிக்க, காகிதம் ஒட்ட என்று வேலை ஆறு பட்டறைகளுக்குப் பிரிந்திருந்தது. விசிறிக் கலையை அரசு தேசிய மரபாக அறிவித்தது 2015இல்தான். ஜொன்ஜுவின் கிம் தோங்-சிக் அதன் முதல் மரபுக் கலைஞர். தாமதம்தான், என்ன செய்ய.

கதையைப் பாட்டாகச் சொல்லும் கொரியக் கலையான பான்சோரியின் பாடகர் கையில் இருப்பதும் மடக்கு விசிறியே. கதைக்குத் தக்கபடி அது கைத்தடியாகும், கடிதமாகும். வட்ட விசிறியை வைத்துக்கொண்டு அந்த வித்தை நடக்காது.

என் ஓட்டு ஹப்ஜுக்சொன்னுக்கு. விலை கூடத்தான், ஆனால் காசு கொடுக்கும் முன் பத்தையின் விளிம்பைப் பாருங்கள். நடுவே முடி போல ஒட்டுக்கோடு ஓட வேண்டும். அது இல்லையென்றால் ஒற்றைப் பத்தை; பேசாமல் வட்ட விசிறியையே வாங்கிக்கொள்ளலாம். அசல் கிடைத்தால் ஈரம் படாமல் வையுங்கள், மீன் பசை விட்டுவிடும்.