பச்சைப் பலகையும் வெள்ளைப் பொடியும்: அலுமினியப் படகில் தளம் போட்டு நான்கு ஆண்டுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, உங்கள் படகில் இருப்பது போல நானும் தளம் போட்டுக்கொள்ளட்டுமா? முன்பக்கம் நின்று தூண்டில் வீச ஒரு மேடையும் வேண்டும்." அவர் கேட்ட அன்று என் படகின் தளம் முழுவதும் பெயர்க்கப்பட்டு, வெருலத்தில் என் வீட்டு வாசலில் அடுக்கிக் கிடந்தது. கோபத்தில் இரண்டு வார்த்தை சொல்லி முடித்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

பதினான்கு அடிப் படகு, ரிவெட் அடித்தது, குறுக்கே மூன்று இருக்கைகள். இந்த வகைப் படகு உங்களுக்கும் தெரியும்.

தளம் தந்த சுகத்தை மறைக்க மாட்டேன். அதற்கு முன்பு கால் வைக்கச் சமமான இடமே கிடையாது. விலா எலும்பு போல எழும்பி நிற்கும் குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே பாதம் சாய்ந்தே இருக்கும். மதியத்துக்குள் கணுக்கால் வலி எடுத்துவிடும். தளம் போட்ட பிறகு முதல்முறை ஆல்பர்ட் ஃபால்ஸ் அணைக்குப் போனபோது அப்பாவையும் அழைத்துப் போனேன். முழங்கால் தேய்ந்தவர். இருக்கையைப் பிடிக்காமல் படகின் நடுவில் எழுந்து நின்று, நாணல் ஓரமாக வீசினார். அந்தக் காட்சிக்காகவே நான் செலவு செய்த பணம் தகும் என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இன்னொன்று நான் எதிர்பாராதது: அமைதி. வெறும் அலுமினியத்தில் ஈயக்குண்டு கை தவறி விழுந்தால் தகரக் கூரையில் கல் விழுந்தது போல இருக்கும். அந்த ஒலி நேரே தண்ணீருக்குள் இறங்கும். 1928இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட பாஸ் மீன், நம் அணைகளில் ஆழமில்லாத ஓரங்களில் செடிக்குள் பதுங்கி இரை பார்ப்பது. அதன் அருகே சத்தமில்லாமல் போவதுதான் பாதி வேலை. பலகையும் அதன்மேல் மெத்தென்ற விரிப்பும் வந்தபின், முன்பு கலைந்து ஓடிய தூரத்திலேயே மீன் நின்றது.

முன்மேடையில் முதல் தவறு செய்தேன். படகின் விளிம்பு உயரத்துக்கே அதைக் கட்டினேன். பார்க்க அழகு. ஏறி நின்றால் உடலின் பாரம் முழுவதும் மேலே போய்விடுகிறது. பக்கவாட்டில் ஒரு சிற்றலை வந்தாலே முழங்கால் நடுங்கும். ஒரே மாதத்தில் பிரித்து, முன் இருக்கையின் உயரத்துக்கு இறக்கினேன். உங்கள் மேடையும் அதற்கு மேல் போக வேண்டாம். இருக்கைகளை வெட்டி எடுத்து இடம் பண்ணலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். படகின் இரு பக்கங்களையும் விரியாமல் பிடித்திருப்பது அவைதான். படகு கவிழ்ந்தால் மிதக்க வைக்கும் நுரையும் அவற்றுக்குள்தான் இருக்கிறது.

இனி என் வயிற்றெரிச்சல். தளத்தைத் தாங்கும் சட்டத்துக்கு மரம் வாங்கப் போன கடையில், பச்சை நிறம் ஏறிய பதப்படுத்திய பைன் கட்டைகளைக் காட்டி, "இதை வாங்குங்கள், இருபது வருடம் தண்ணீரில் கிடந்தாலும் அழுகாது" என்றார்கள். படகுக்கு என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். அவர்கள் சொன்னது பொய்யில்லை. நான்கு ஆண்டுகள் கழித்துப் பெயர்த்தபோது மரம் புத்தம் புதிதாக இருந்தது. அழுகியிருந்தது படகு.

அந்தப் பச்சை நிறம் செம்பு உப்பு. செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் அழுத்தத்தில் மரத்துக்குள் ஏற்றுகிறார்கள். கட்டை நனைந்தால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து அலுமினியத்தின்மேல் படிகிறது. ஈரம் இருக்கும்வரை அது ஒரு சிறு பேட்டரி போல வேலை செய்யும், கரைவது அலுமினியம். நானோ கட்டைகளைக் குறுக்குச் சட்டங்களுக்கு இடையே இறுக்கி வைத்து, தண்ணீர் வெளியேறும் பின்புறத் துளையின் தக்கைக்கு ஓடும் வழியையும் அடைத்திருந்தேன். டர்பன் துறைமுகத்தில் நான்கைந்து முறை உப்புத் தண்ணீரில் இறக்கியதும் சேர்ந்துகொண்டது.

கட்டையைத் தூக்கியதும் அதன் அகலத்துக்கே ஒரு வெள்ளைப் பட்டை. ஈர அரிசி மாவு போல விரலில் ஒட்டியது. கட்டைவிரலால் தேய்த்தேன், அடியில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். படகை ட்ரெய்லரில் வைத்தபடியே உள்ளே தண்ணீர் ஊற்றி, கீழே படுத்துக்கொண்டு, சொட்டுகிற இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டேன். பதினொரு வட்டங்கள். ஒரு வெல்டரிடம் கொண்டுபோனேன். அரித்து மெலிந்த தகட்டில் நெருப்பு வைத்தால் ஓட்டை பெரிதாகும் என்று நேர்மையாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். ஒட்டுத்தகடு வைத்து, பசை பூசி, ரிவெட் அடித்து முடிக்க 4,800 ராண்ட் ஆனது.

என் தாத்தா டர்பன் கடற்கரையில் கரைவலை இழுத்தவர். ஜூன், ஜூலையில் மத்தி வரும்போது அவருடைய மரத்தோணியில் நானும் ஏறியிருக்கிறேன். அதன் அடிப்பலகைகளில் ஓர் ஆணிகூடக் கிடையாது. மாலையில் கரையேறியதும் ஒவ்வொன்றாகத் தூக்கி வெயில் படச் சாய்த்து வைப்பார். அடியில் தேங்கிய தண்ணீரை இறைத்துத் துடைப்பார். அதைப் பார்த்து வளர்ந்தும் என் தளத்தை எண்பது திருகாணி போட்டு மூடினேனே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

புதிய தளம் மூன்று துண்டு. கருவி இல்லாமல் கையால் தூக்கி எடுக்கலாம். சட்டம் முழுவதும் அலுமினியக் கோணம். பலகை 12 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட் (தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டியது), இரு பக்கமும் வெட்டு முனைகளும் எப்பாக்சி பிசின் பூசியது. பதப்படுத்திய ப்ளைவுட்டையும் தொடக் கூடாது. அதிலும் செம்பு இருக்கலாம். 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடே போடலாமே என்பீர்கள். சதுர மீட்டருக்கு 8 கிலோ, ப்ளைவுட் ஏறக்குறைய 7 கிலோ. எடையில் லாபமில்லை, ஜனவரிக் கோடை வெயிலில் வெறும் கால் வைக்க முடியாது. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போட வேண்டிய இடங்களில் எஃகு அலுமினியத்தைத் தொடாதபடி நைலான் வளையம் வைத்திருக்கிறேன். பழைய கார்பெட்டை எறிந்துவிட்டேன். நாள் முழுவதும் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது அதுவும்தான். வெளிர் நிற நுரை விரிப்பு போதும்.

தம்பி, இன்று என்னைக் கேட்டால் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். விரலிடுக்கில் அந்த வெள்ளைப் பொடி இன்னும் இருக்கிறது. அப்பா நேற்று வாசலுக்கு வந்து பலகைகளைப் பார்த்துவிட்டு, "எப்போது முடியும்?" என்று மட்டும் கேட்டார். சனிக்கிழமை கடைசித் துண்டைப் பொருத்துகிறேன். வருவதாக இருந்தால் உங்கள் படகின் குறுக்குச் சட்டங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்துகொண்டு வாருங்கள்.