மூன்று கயாக்குகளிலிருந்து விழுந்து பார்த்து ஒன்றை எடுத்தேன்

மீன்பிடி கயாக் (ஒருவர் உட்கார்ந்து ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) வாங்குவதற்கு முன் மூன்று விதமான கயாக்குகளை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் அரை நாள் தூண்டில் போட்டேன். மூன்றிலிருந்தும் வேண்டுமென்றே ஆழமான தண்ணீரில் விழுந்தேன். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், கரையில் ஒரு நண்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நடு ஏரியில் கவிழ்ந்தால் தனியாகத் திரும்ப ஏற முடியுமா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. கடையில் தரையில் வைத்திருக்கும் கயாக்கில் உட்கார்ந்து பார்த்தால் இருக்கை வசதியாக இருக்கிறதா என்பது தெரியும், அவ்வளவுதான்.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எடை 74 கிலோ. தூண்டில் கம்புகள், இரைப் பெட்டி, நங்கூரம், தண்ணீர் எல்லாம் சேர்த்து இன்னொரு 15 கிலோ. கயாக்கின் கொள்ளளவு 160 கிலோ என்று போட்டிருந்தால் ஏறக்குறைய 110 கிலோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போனால் கயாக் தாழ்ந்து, மேல்தட்டில் தண்ணீர் ஏறி, துடுப்புப் போடவே கனமாகிவிடும்.

முதலில் எடுத்தது உள்ளே கால் நீட்டி உட்காரும் வகை. 10 அடி நீளம், 28 அங்குல அகலம், 20 கிலோதான். தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டேன். தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போனது, காற்றும் அதிகம் பிடிக்கவில்லை. கயாக் பிறந்தது ஆர்க்டிக் பக்கத்து இன்யூட் போன்ற பழங்குடி வேட்டைக்காரர்களிடம். மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துக் கட்டி, குளிர்ந்த தண்ணீர் உடம்பில் படாதபடி மூடிய படகு அது. அந்த வேலைக்கு அந்த வடிவம் அருமை. ஆனால் தூண்டில் போடுபவருக்கு அடிக்கடி திரும்ப வேண்டும், பின்னாலிருக்கும் பெட்டியை எடுக்க வேண்டும், மீனை மடிக்குக் கொண்டுவர வேண்டும். இடுப்பு மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. கவிழ்த்துப் பார்த்தபோது உள்ளே தண்ணீர் நிரம்பிவிட்டது. ஏறுவதற்குள் மறுபடி கவிழ்ந்தது. கடைசியில் அதைக் கரைக்கு இழுத்து வந்துதான் கொட்டினேன். சரி, இது எனக்கில்லை என்று முடிவாயிற்று.

இரண்டாவது, பெடல் வைத்தது. 12 அடி நீளம், 36 அங்குல அகலம், இருக்கையும் பெடலும் சேர்த்து 52 கிலோ. பெடலில் இரண்டு வகை உண்டு. ஒன்று சைக்கிள் மாதிரி சுற்றினால் கீழே விசிறி சுழல்வது. மற்றொன்று காலை மாற்றி மாற்றி உதைத்தால் அடியில் இரண்டு துடுப்புச் சிறகுகள் ஆடுவது. ஹோபி நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த மிராஜ் டிரைவ் இரண்டாவது வகை. நான் ஓட்டியது விசிறி வகை. கை இரண்டும் சும்மா இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அன்றுதான் தெரிந்தது. ரீலைச் சுற்றிக்கொண்டே காலால் பின்னோக்கி மிதித்து, மீனைப் பாசியிலிருந்து வெளியே இழுத்தேன். துடுப்போடு அதைச் செய்யவே முடியாது.

அந்தப் பாசியிலேயே அடுத்த பத்து நிமிடம் போயிற்று. விசிறியில் சுற்றிக்கொண்டதை, பெடலும் விசிறியும் சேர்ந்த டிரைவைத் தூக்கிவைத்துப் பிரிக்க வேண்டியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கவிழ்த்துப் பார்த்தபோதுதான் முக்கியமான விஷயம் புரிந்தது. அகலமான கயாக் சுலபத்தில் கவிழாது, ஆனால் கவிழ்ந்துவிட்டால் தலைகீழாகவும் அதே உறுதியோடு கிடக்கும். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் டிரைவைப் பிடித்து, முழு எடையையும் போட்டுத் தொங்கி, நான்காவது முறைதான் நிமிர்த்தினேன். கரையில் அதைத் தனியாகக் கார் மேல் ஏற்றவும் என்னால் முடியவில்லை. கூட ஒருவர் எப்போதும் வருவார், வண்டிக்குப் பின்னால் ட்ரெய்லரும் இருக்கிறது என்றால் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

மூன்றாவதுதான் இப்போது என்னிடம் இருப்பது. மேலே உட்காரும் வகை, பதினொன்றரை அடி, 33 அங்குலம், 34 கிலோ, துடுப்பு மட்டும். தட்டில் விழும் தண்ணீர் கயாக்கைத் துளைத்துக்கொண்டு இறங்கும் குழாய்த் துளைகள் வழியே தானாக வடிந்துவிடும். கட்டுமரத்தில் மரங்களின் இடுக்கு வழியே அலை ஏறி இறங்குமே, அதே ஏற்பாடு. உள்ளே இறைத்துக் கொட்ட ஒன்றுமில்லை. கவிழ்த்தேன், எதிர்ப்பக்க விளிம்பை எட்டிப் பிடித்து இழுத்ததும் நிமிர்ந்தது. அப்புறம் காலை உதைத்து உடம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, இருக்கைக்குக் குறுக்கே குப்புற விழுந்து, மல்லாந்து, உட்கார்ந்து, கடைசியில் காலை உள்ளே எடுத்தேன். இரண்டாவது முயற்சியில் ஏறிவிட்டேன்.

கயாக் ஆடுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் அசையாமல் இருப்பது ஒரு வகை உறுதி. ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்த பிறகும் தாங்கிக்கொள்வது வேறு வகை. தட்டையான அடி முதலாவதைத் தரும், ஆனால் ஓர் அளவைத் தாண்டினால் சட்டென்று புரட்டிவிடும். என்னுடையது முதல் அரை மணி நேரம் லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. ஆனால் இடுப்பை விளிம்பு வரை நகர்த்தியும் பிடித்து நின்றது. பெரிய மீன் பக்கவாட்டில் இழுக்கும்போது உதவுவது இந்த இரண்டாவது உறுதிதான். மெதுவாகச் சாய்ந்து சாய்ந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும். எழுந்து நின்றும் வீசினேன். காற்றில்லாத காலையில் மட்டும் அதைச் செய்கிறேன்.

இதுவரை ஏறக்குறைய நாற்பது முறை போய்வந்துவிட்டேன். குறைகளும் தெரிகின்றன. சிற்றலையில் அணியத்தின் (முன்முனையின்) அடியில் தண்ணீர் தப் தப் என்று அடிக்கிறது. ஆழமில்லாத இடத்தில் மீன் அந்தச் சத்தத்துக்கே விலகிவிடுகிறது. இருக்கையின் பின்பக்க வாரைப் பிடிக்கும் கொக்கி மூன்றாம் மாதமே இளகியது. சுக்கான் கிடையாது, அதனால் பக்கக் காற்றில் அணியம் காற்று வரும் திசைக்கே திரும்பப் பார்க்கும். பெட்டியை அமரத்துப் (பின்முனை) பக்கம் ஒரு சாண் தள்ளிவைத்ததும் அது பாதி குறைந்தது. உயர்ந்த இருக்கையில் 240 செ.மீ. துடுப்பு போதவில்லை, விரல் விளிம்பில் இடித்தது. 250-க்கு மாறினேன். துடுப்பில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை அதைத் தூக்குகிறோம், கால் கிலோ குறைந்தாலும் மாலையில் தோளுக்குத் தெரியும்.

நங்கூரக் கயிற்றை முனைக்கு நகர்த்தும் கப்பி ஏற்பாடு இதில் வரவில்லை, நானே இரண்டு கப்பிகளும் கயிறும் வைத்து மாட்டிக்கொண்டேன். நீரோட்டத்தில் பக்கவாட்டில் நங்கூரம் கட்டுவது ஆபத்து. தண்ணீர் விளிம்பை அமுக்கிக் கவிழ்த்துவிடும். அணியத்திலோ அமரத்திலோதான் கட்ட வேண்டும், கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு கத்தியும் இருக்க வேண்டும். அதேபோல், வடிதுளைகளுக்குள் கம்பியைச் செருகித் தூக்கும் தள்ளுவண்டியை நான் தவிர்த்தேன். முழு எடையும் அந்தத் துளைகளின் ஓரத்தில் விழுந்து விரிசல் விடும் என்ற பயம். வாரில் கட்டும் வண்டியே போதும்.

கம்பும் மாறிற்று. கரையில் ஆறடிக் கம்பு வைத்திருந்தேன். கயாக்கில் மீன் முன்பக்கமாகச் சுற்றி மறுபுறம் போகும், கம்பு முனை அணியத்தைத் தாண்டி எட்டாவிட்டால் நரம்பு அடியில் உரசி அறுந்துவிடும். ஏழரை அடிக் கம்பில் முதல் நல்ல மீன் மாட்டியபோது, அது என்னையும் கயாக்கையும் சேர்த்து இருபது மீட்டர் இழுத்துக்கொண்டு போனது. கரையில் நின்று பிடித்த அத்தனை வருடங்களில் மீனின் பலத்தை அப்படி உடம்பில் உணர்ந்ததில்லை.

விழுந்து ஏறும் பயிற்சியை இன்னும் மாதம் ஒருமுறை செய்கிறேன். போன வாரம் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸோடு செய்து பார்த்தேன். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து காலை மேலே உதைக்க விடவில்லை, ஆறாவது முறைதான் ஏற முடிந்தது. அன்றிலிருந்து தண்ணீர் வடிகிற மெல்லிய காலணியோடுதான் போகிறேன்.