600 ரெசிஸ்டர், தலை எது வால் எது?

இந்த 600 ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சின்ன உறுப்பு) டப்பாவை வாங்கி ஆறு மாதம் ஆகிறது. 10 ஓமிலிருந்து 1 மெகா ஓம் வரை 30 மதிப்புகள், ஒவ்வொன்றிலும் 20. கால் வாட், மெட்டல் ஃபிலிம், மதிப்பு 1 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். மதிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்த 1 கிலோ ஓம் எல்லாம் 996-க்கும் 1002-க்கும் நடுவில்தான் நின்றன. கால்கள் மெலிசு; சாலிடர் இல்லாமல் சுற்று கட்டும் பிரெட்போர்டில் குத்தினால் மடங்கிக்கொள்கின்றன. அது போகட்டும். என் வழக்கு மதிப்பைச் சொல்லும் வண்ணப் பட்டைகளோடுதான்.

பழைய கார்பன் ரெசிஸ்டரில் நாலு பட்டை. தங்கத்தை வலப்பக்கம் வைத்துக்கொண்டால் போதும். மஞ்சள், ஊதா, சிவப்பு என்றால் 4, 7, அப்புறம் இரண்டு சைபர்: 4700 ஓம். தங்கம் முதல் எண்ணாக வரவே வராது, அதனால் குழப்பமில்லை. இதிலோ நீல உடம்பில் ஐந்து பட்டை: மூன்று எண், ஒரு பெருக்கு, கடைசியில் 1 சதவீத ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் பழுப்பு. 1 என்ற எண்ணுக்கும் அதே பழுப்பு. கடைசிப் பட்டையைச் சற்றுத் தள்ளிப் போட்டிருந்தாலாவது பிழைத்திருப்பேன். இதில் எல்லாம் ஒரே இடைவெளி. கூட வந்த அட்டையிலும் நாலு பட்டைக்குத்தான் உதாரணம்!

5 வோல்ட்டில் ஒரு வெள்ளை எல்.இ.டி.க்கு 120 ஓம் தேவைப்பட்டது. மேசையில் உதிரியாகக் கிடந்த ஒன்றை எடுத்தேன்: பழுப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு. 1, 2, 0, பெருக்க 1. சரி, 120. மாட்டினால் எல்.இ.டி. எரிகிறதா இல்லையா என்று கையால் மறைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு எல்.இ.டி. மாற்றிய பிறகுதான் ரெசிஸ்டரைத் திருப்பிப் பிடித்தேன். பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு. 1, 0, 0, பெருக்க 100: 10 கிலோ ஓம்! சுமார் 17 மில்லியாம்ப் ஓட வேண்டிய இடத்தில் 0.2 ஓடியிருக்கிறது.

அன்றைக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் திருப்பிப் படித்தேன். 220 ஓம் தலைகீழானால் 2 சதவீத 10 கிலோ ஓம் ஆகிவிடுகிறது. 1 கிலோ, 110 ஓம் ஆகிறது. நல்லவேளை, 110 இந்த டப்பாவிலேயே இல்லை. 100 ஓம் மட்டும் விகடகவி: எந்தப் பக்கம் படித்தாலும் பழுப்பு, மூன்று கறுப்பு, பழுப்பு.

நீலத்தின்மேல் சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஒன்றுபோலவே தெரிகின்றன. போன் கேமராவில் பெரிதாக்கியும் இரண்டு முறை ஏமாந்தேன்.

ஆனால் ரெசிஸ்டர்களைக் கோத்திருக்கும் காகித நாடாவில் மதிப்பைத் தெளிவாக அச்சடித்திருக்கிறார்கள். அதற்காகவே ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். இப்போதெல்லாம் வேண்டியதை மட்டும் நாடாவிலிருந்து கத்தரிக்கிறேன், அச்சுள்ள முனையைத் தொடாமல். உதிரிகளுக்குத் தனியாக ஒரு மாத்திரை டப்பா. அதிலிருந்து எதை எடுத்தாலும் மல்டிமீட்டரைத் தொட்ட பிறகுதான் போர்டுக்குப் போகிறது.