எழுகடல் தெருப் பக்கம் ஒரு திருஷ்டிக் கடை: எதை வாங்கலாம், எதை விடலாம்

மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே, எழுகடல் தெருவை ஒட்டின சந்தில் இருக்கிறது இந்த பூஜை சாமான் கடை. பெயர்ப் பலகை மங்கிவிட்டது, வாசலில் தொங்கும் திருஷ்டி பொம்மைகள்தான் அடையாளம்.

நம்ம ஊர்ச் சரக்கு நிஜமாகவே தரம். படிகாரம், வெண்கடுகு, கறுப்புக் கயிறு எல்லாம் உண்டு, ஆனால் முக்கியமாக வாங்க வேண்டியது ஆகாச கருடன் கிழங்கு. தலைவாசலில் கட்டித் தொங்கவிட்டால் மண்ணும் தண்ணீரும் இல்லாமல் கொடி விடும். தனக்குள் சேர்த்து வைத்த ஈரத்தில்தான் முளைக்கிறது என்றாலும், அந்தரத்தில் துளிர்ப்பதைப் பார்க்கும்போது இது வீட்டைக் காக்கும் என்று ஏன் நம்பினார்கள் என்பது தானாகப் புரிந்துவிடும். கடைக்காரர் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, அழுகல் இல்லாததாகத் தருவார். "வாடிப்போச்சுன்னா பதறாதீங்கண்ணே, திருஷ்டிய அது வாங்கிக்கிச்சு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார், கெட்டிக்காரர்!

வெளிநாட்டு அலமாரிதான் வேடிக்கை. எதைத் தொட்டாலும் "சீன வாஸ்துண்ணே" என்கிறார். கை ஆட்டும் பூனை ஜப்பான்காரர்களுடையது, எடோ காலத்துச் சரக்கு. டோக்கியோவின் கோடோகுஜி கோயிலில், புயல் நேரத்தில் ஒரு பிரபுவைப் பூனை கையசைத்து உள்ளே அழைத்துக் காப்பாற்றியதாகக் கதை. அது டாட்டா காட்டவில்லை, நாம் ஆளைக் கூப்பிடுகிற மாதிரியே உள்ளங்கையைக் கவிழ்த்து வா வா என்கிறது. பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்துகிற ஆட்களே இதை வாங்கிக் கல்லாவில் வைக்கிறார்கள் என்பது தனிக் கூத்து. தொப்பை புத்தரும் கௌதம புத்தர் இல்லை, 10ஆம் நூற்றாண்டில் சீனாவில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பூதாய் என்கிற மூட்டை சுமந்த துறவி. லக்கி பாம்பூ மூங்கிலே கிடையாது, மத்திய ஆப்பிரிக்காவின் ட்ரசீனா செடி. துருக்கியில் கண்ணாடியில் செய்கிற நீலக் கண், இங்கே பிளாஸ்டிக். கண்ணைக் கண்ணாலேயே தடுக்கிற யோசனை நம் பொம்மையின் முழித்த கண்ணிலும் இருக்கிறது, அதுவும் பாதி விலையில்.

நான் வாங்கின பூனையின் கை சீக்கிரமே நின்றுவிட்டது. மாற்றித் தரச் சொன்னால், "வெயில் படுற இடத்துல வச்சுப் பாருங்கண்ணே" என்று முடித்துவிட்டார். அதனால் அந்த அலமாரியில் எதை எடுத்தாலும் அங்கேயே ஓடவிட்டுப் பார்த்துப் பேரம் பேசுங்கள். கிழங்குக்குப் பேரம் வேண்டாம், நியாயமான விலைதான். அமாவாசைக்கு முந்தின நாள் மட்டும் போகாதீர்கள், நெரிசலில் பொறுக்கி எடுக்க முடியாது.