மேக்ஸென்டா, முழுப் பட்டியலா? பறவை வரைபடத்துக்கு எது சரி

நீலகிரி நெட்டைக்காலி எங்கெல்லாம் வாழும் என்று வரைபடம் போட இரண்டு வழி இருக்கிறது. பறவையைப் பார்த்த இடங்களை மட்டும் மேக்ஸென்ட் என்ற கணினி நிரலில் கொடுக்கலாம், இல்லையென்றால் தேடியும் கிடைக்காத இடங்களையும் சேர்த்து, ஓர் இடத்தில் பறவை இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் ஆக்குபன்சி மாடல் போடலாம். இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகு நான் இரண்டாவதற்கு வந்துவிட்டேன்.

மேக்ஸென்ட் வேகமானது, குறைந்த பதிவுகளை வைத்தும் படம் தந்துவிடும், சரி. ஆனால் பறவை இல்லாத இடம் எது என்று அதற்குத் தெரியாது, பதிலுக்கு நிலப்பரப்பு முழுவதிலிருந்தும் வழக்கமாக 10,000 புள்ளிகளை எடுத்து ஒப்பிடுகிறது. ஊட்டி, தொட்டபெட்டா பக்கம் பறவை பார்ப்பவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள், அனுமதி வாங்கிப் போகவேண்டிய முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் உட்பகுதிக்கு அப்படிப் போக முடியாது. அப்புறம் படத்தில் பறவை இருக்கும் என்று சிவப்பாகத் தெரிவது பறவைக்குப் பிடித்த புல்வெளியா, நமக்கு வசதியான சாலையா? ஒப்பிட எடுக்கும் அந்தப் பின்னணிப் புள்ளிகளையும் ஆட்கள் அதிகம் போகும் பக்கமே அதிகமாக எடுத்துச் சரிக்கட்டலாம்தான், அதற்கும் யார் எங்கே தேடினார்கள் என்பது தெரியவேண்டும்.

பறவை பார்ப்பவர்கள் பட்டியல் ஏற்றும் ஈபேர்ட் தளத்தின் முழுப் பட்டியலில் அது இருக்கிறது. அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால், பட்டியலில் வராதது அன்று அவருக்குத் தட்டுப்படவில்லை என்று அர்த்தம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதும் கூடவே வரும். ஆனால் தட்டுப்படாததை இல்லை என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் கெட்டது. ஒரு தடவை போனால் கண்ணில் படும் வாய்ப்பு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பறவை அங்கேயே இருந்தாலும் மூன்று தடவையும் தவறவிடும் வாய்ப்பு 34 சதவீதம், எட்டுத் தடவை போனால்தான் 6-க்குக் கீழே இறங்குகிறது. 2002-இல் மெக்கென்ஸி குழுவினர் தந்த ஆக்குபன்சி முறை, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போன பதிவுகளை வைத்து இருப்பதையும் கண்ணில் படுவதையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. அதனால் புது இடங்களாகத் தேடி ஓடாமல் அதே இடத்துக்கு மறுபடி போவதற்கே நான் நேரம் ஒதுக்குகிறேன்.

செடிகளில் எனக்கு அனுபவம் குறைவு. காயவைத்துச் சேகரித்த செடிகளின் பழைய உலர்தாவரப் பதிவுகள் மட்டும் கையில் இருந்தால் மேக்ஸென்ட் பக்கம்தான் போகவேண்டியிருக்கும். உண்ணிச்செடி மாதிரி இன்னும் பரவிக்கொண்டிருப்பதில் இல்லாமைத் தரவே ஏமாற்றலாம், இன்று இல்லாத இடத்துக்கு அது இன்னும் வந்து சேராமலும் இருக்கலாம்.

பறவைப் பட்டியல் போடுபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: காக்கையும் மைனாவும் மட்டுமே கிடைத்தாலும் அந்தப் பட்டியலை ஏற்றிவிடுங்கள், அங்கே ஒருவர் தேடினார் என்பதற்கு வேறு பதிவு கிடையாது.