பிரசவ வார்டுக்கு எந்தத் தொட்டில்: வண்டியா, கட்டிலோடு மாட்டுவதா?

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வகுத்த தாய்ப்பாலுக்கான பத்துப் படிகளில் ஏழாவது, தாயும் சேயும் 24 மணி நேரமும் ஒரே அறையில் இருக்க வேண்டும் என்கிறது. ஒரே அறையில் இருந்தும் குழந்தை கைக்கு எட்டாவிட்டால் பாதிப் பயன்தான். எனவே தொட்டிலை இப்படித்தான் எடைபோட வேண்டும்: சிசேரியன் தையலோடு படுத்திருப்பவர் யாரையும் கூப்பிடாமல் குழந்தையைத் தன்னிடம் எடுத்துக்கொள்ள முடிகிறதா?

சக்கர ஸ்டாண்டில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டி வைத்த வண்டித் தொட்டிலில் இது நடப்பதில்லை. படுத்தபடியே குழந்தையின் நிறமும் மூச்சும் தெரியும், துடைப்பதும் சுலபம். ஆனால் தூக்க வேண்டுமென்றால் எழுந்து உட்கார்ந்து, இடுப்பைத் திருப்பி, உயரமான விளிம்பைத் தாண்டி எடுக்க வேண்டும். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒவ்வொரு முறையும் எடுக்கவும் வேண்டும், திரும்பக் கிடத்தவும் வேண்டும். மணி அடித்து நர்ஸ் வருவதற்குள், தலையைத் திருப்பி வாயைத் திறந்து கையைச் சப்பிப் பசியைக் காட்டிய கட்டம் போய் வீரிட்டு அழும் கட்டம் வந்துவிடும். அழும் குழந்தையை மார்பில் பிடிக்க வைப்பது சிரமம்.

இதைத்தான் வாங்குவதென்றால் உயரம் கூட்டிக் குறைக்கக்கூடியதாக, கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைவதாக, சக்கரங்களில் பூட்டு உள்ளதாகப் பாருங்கள். தொட்டி அக்ரிலிக் என்றால் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கக் கூடாது. மயிரிழை விரிசல்கள் விடும். தொட்டியைச் சாய்க்கும் வசதி பெருமைக்குரியதல்ல. குழந்தை தூங்கும்போது படுக்கை சமமாகத்தான் இருக்க வேண்டும்.

கட்டிலோடு மாட்டும் தொட்டிலில் தாயின் பக்கம் திறந்திருக்கும். தூக்கவே வேண்டாம், கையை நீட்டி அணைத்து இழுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், தனித் தொட்டிலைவிட இதில் குழந்தைகள் அதிக முறை பால் குடிக்க முயன்றன. பின்னர் நடந்த பெரிய ஆய்வில், தாய்ப்பால் எத்தனை மாதம் தொடர்ந்தது என்பதில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே தாய்ப்பால் நீண்ட நாள் தொடரும் என்ற வாக்குறுதியோடு விற்க வருபவரை நம்ப வேண்டாம். கைக்கு எட்டுகிறது, அதுவே வாங்கப் போதுமான காரணம்.

கோளாறெல்லாம் மாட்டும் இடத்தில்தான். தொட்டிலைக் கட்டிலோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் உங்கள் கட்டில் சட்டத்தில் அசையாமல் பிடிக்கிறதா என்று வாங்குமுன் மாட்டியே பார்க்க வேண்டும். மெத்தைக்கும் தொட்டிலுக்கும் இடையே இடைவெளி விழுந்தால் குழந்தை சிக்கிக்கொள்ளும். துணியைச் சுருட்டி அடைப்பது தீர்வல்ல. மோட்டார் கட்டிலில் தொட்டில் மேலே ஏறி இறங்கும் சட்டத்தோடு சேர்ந்திருக்க வேண்டும். தரையில் கால் ஊன்றும் வகையானால் கட்டிலை உயர்த்தியதும் மட்டம் மாறிவிடும். அவசரத்தில் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓட நேரலாம், அதனால் ஒருவரே சட்டென்று கழற்ற முடியாத மாடலை ஒதுக்கிவிடுங்கள்.

சிசேரியன் படுக்கைகளுக்கு மாட்டும் தொட்டிலும் மற்றவற்றுக்குக் கால் உள்ளே நுழையும் வண்டியும் வாங்குவதே சரி. எதுவானாலும் உள்ளே கெட்டியான சமமான மெத்தை மட்டும், தலையணை கூடாது. தூக்கம் வரவைக்கும் வலி மருந்து கொடுத்திருந்தால், மார்பில் குழந்தையோடு தாய் கண்ணயருமுன் அதைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்த ஆள் வேண்டும். டிரிப்ஸ் ஏறும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் தொட்டிலை மாட்டுங்கள்.