சோலாருக்கு முன் மீற்றரைப் பார்த்தோம்: ஒரு வருட அனுபவம்

வீடு திருகோணமலை உவர்மலையில். சீற் கூரை, நாலு பேர், ஒரு ஏசி. போன வருடம் ஜூன் மாத பில் 286 யுனிட். கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) அடிக்கும் மாதம், அனல்காற்று, ஃபேன் நிற்பதே இல்லை. சோலார் போட விலை கேட்டதும், வந்தவர் பில்லைப் பார்த்துவிட்டு 3 கிலோவொட் என்றார். வீட்டுக்குள் எட்டியும் பார்க்கவில்லை.

எனக்கு அது உறுத்தியது. அன்றிரவு ஃபேன், ஏசி, பிரிஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மீற்றரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு மெதுவாக மின்னியது, சரி, ரவுட்டராக இருக்கும். திடீரென்று படபடவென்று மின்னத் தொடங்கியது. பின்பக்கம் கிணற்று மோட்டர் ஓடுகிறது! யாரும் தண்ணீர் திறக்கவில்லை. டொய்லெட் தொட்டியின் வாஷர் தேய்ந்து, சத்தமே இல்லாமல் தண்ணீர் வடிந்துகொண்டிருந்திருக்கிறது. மேல் டாங்கி இறங்க இறங்க ஓட்டோ சுவிட்ச் மோட்டரைப் போட்டிருக்கிறது. எத்தனை மாதமாக என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். புது வாஷர் தேநீர்க் காசுக்குக் கிடைத்தது.

அடுத்தது ஃபேன். பழையது 75 வொட், புது பிஎல்டிசி (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டர் உள்ளது) 30 வொட். இரண்டு ஃபேன் தினமும் 12 மணித்தியாலம் ஓடினால் மாதம் 32 யுனிட் மிச்சம். பிரிஜ் கதவில் நோட்டுத்தாளை வைத்து மூடி இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு இறுக்கமாக மூடவில்லை என்று அர்த்தம், ரப்பரை மாற்றினோம். ஏசியை 20இல் இருந்து 26க்கு ஏற்றி, கூடவே ஃபேனையும் போட்டோம். முதல் வாரம் அம்மா முறைத்தார், பிறகு பழகிவிட்டது.

கூரைக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்ததில்தான் அரைத் திருப்தி. பகலில் அறைச் சூடு நன்றாகக் குறைந்தது, ஆனால் மாரி மழை முடிய பாசி பிடித்துக் கறுத்துவிட்டது. வருடா வருடம் கழுவ வேண்டும்.

இந்த ஜூன் 168 யுனிட். மாரி மாதத்தோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள், கச்சானைக் கச்சானோடுதான் பார்க்க வேண்டும். 180 யுனிட்டைத் தாண்டினால் மேலதிக யுனிட்டின் விலையும் கூட, மாதாந்த நிலையான கட்டணமும் கூட. அதனால் எங்கள் பில்லில் குறைந்தவை பெரும்பாலும் விலை கூடிய யுனிட்டுகள்தான்.

இப்போது 2 கிலோவொட் போதும். ஆனால் பட்டறி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். 2022 மின்வெட்டை நினைத்துக்கொண்டு வாங்குபவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுடையது பழைய அஸ்பெஸ்டஸ் சீற், துளைத்தால் தூசு ஆபத்து, இருபது வருடம் பனலைத் தாங்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. மாரிக்கு முன் சீற்றை மாற்ற மேசனிடம் சொல்லியிருக்கிறேன்.